வன்னி வளாகங்களில் பண்பாட்டு நாள் நடத்துவது எப்படி?

இலங்கையின் வடக்கில் உள்ள வன்னிப் பகுதியில், பம்பைமடுவில் இருக்கிற வவுனியாப் பல்கலைக்கழகத்துக்கோ, கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கிற யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பீடங்களுக்கோ புதிதாக வரும் பிள்ளை முதல் கிழமையிலேயே ஒன்றைக் கண்டுகொள்ளும். விரிவுரை ஆங்கிலத்தில், விடுதி அறையில் ஒரு மொழி, பக்கத்து அறையில் இன்னொரு மொழி, கன்ரீனில் ஆளுக்கொரு மேசை. மாத்தறை, அனுராதபுரம், அட்டன், மூதூர், சாவகச்சேரி, மல்லாவி என்று பல இடங்களிலிருந்தும் வந்தவர்கள், வருடக்கணக்காக ஒரே வகுப்பில் இருந்தும் ஒருவர் பெயரை ஒருவர் சரியாகச் சொல்லத் தெரியாமலே பட்டம் வாங்கிப் போவதுண்டு.

இதை மாற்றத்தான் பண்பாட்டு நாள் வைக்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் என்ன நடக்கிறது? ஒவ்வொரு சமூகத்துக்கும் பத்து நிமிடம் மேடை கொடுக்கப்படும். தங்கள் ஆட்கள் ஆடி முடிந்ததும் அந்த வரிசை எழும்பிப் போய்விடும். கடைசி நிகழ்ச்சிக்குக் கதிரைகள்தான் மிச்சம். மேடையில் ஒருவரை ஒருவர் பார்ப்பதால் பழக்கம் வராது. சேர்ந்து தேங்காய் துருவி, பதாகை கட்டி, ஒத்திகை பார்க்கும்போதுதான் வரும். ஆகவே இந்த வழிகாட்டி மேடையைவிட அதற்கு முந்திய எட்டுக் கிழமைகளைப் பற்றியே கூடுதலாகப் பேசுகிறது. முதன்முறை பொறுப்பெடுப்பவர்கள் 150 பேருக்கு அரைநாள் நிகழ்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போகவேண்டாம்.

குழு

ஒன்பது பேர் போதும். எந்தச் சமூகத்திலிருந்தும் ஒரே ஒருவரை மட்டும் எடுக்காதீர்கள், குறைந்தது இருவர். தனியாக இருப்பவர் கூட்டத்தில் வாய் திறக்கமாட்டார். திறந்தால் அவர் சொன்னதே அந்தச் சமூகத்தின் முடிவென்று எழுதப்பட்டுவிடும். ஒரு சிங்களப் பிள்ளை முழுச் சிங்களவருக்கும் பேச முடியாது, ஒரு முஸ்லிம் பிள்ளை முழு முஸ்லிம்களுக்கும் பேச முடியாது.

"தமிழர்" என்று ஒரே பெட்டிக்குள் போடுவதும் பிழை. வன்னியில் நடக்கும் நிகழ்வில் வன்னிதான் பெரும்பாலும் காணாமல் போகிறது. தமிழ்ப் பண்பாடு என்றதும் பரதநாட்டியமும் கர்நாடக இசையும் வந்து நிற்கும். முல்லைத்தீவுக் கோவலன் கூத்தும், மன்னார்க் கத்தோலிக்க ஊர்களின் கூத்தும் யாருக்கும் நினைவு வராது. 1958, 1977 கலவரங்களின் பின் தெற்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் இன்று வன்னிப் பிள்ளைகள்தான். அவர்கள் வீட்டில் தப்பு மேளமும் காமன் கூத்தும் உண்டு. அவர்களிடம் யாரும் கேட்பதில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் வளர்ந்து, மீண்டும் முசலிக்கோ முல்லைத்தீவுக்கோ திரும்பிய முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகளும் வகுப்பில் இருக்கக்கூடும். கிழக்கு மாகாண முஸ்லிம் மாணவரின் கதையும் இவர்களின் கதையும் ஒன்றல்ல.

கூட்டத்தை எந்த மொழியில் நடத்துவது என்று முதல் நாளே முடிவெடுங்கள். மூன்று மொழியும் ஓரளவு தெரிந்த ஒருவரைக் குறிப்பெடுக்க வையுங்கள். முடிவுகளை அன்றிரவே தமிழிலும் சிங்களத்திலும் வட்ஸ்அப் குழுவில் போடவேண்டும். ஒரு மொழியில் மட்டும் போட்டால் மற்றப் பாதிப்பேர் அடுத்த கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிடுவார்கள்.

திகதி

நிகழ்வு குழம்புவது பெரும்பாலும் இங்கேதான். நாட்காட்டியை முன்னால் வைத்து, வேண்டாத நாட்களை முதலில் வெட்டுங்கள்.

போயா (பௌர்ணமி) நாட்கள் வேண்டாம். வெள்ளிக்கிழமை நண்பகல் ஜும்ஆத் தொழுகை, ஆகவே 12 மணி முதல் 2 மணி வரை எதுவும் வேண்டாம். நோன்பு மாதம் ஒவ்வொரு வருடமும் ஏறக்குறைய 11 நாள் முன்னே வரும். போன வருடத் திகதியை நம்பி வைக்காதீர்கள். வைகாசி விசாகத்தை ஒட்டி வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல், ஓகஸ்ட் 15 மடுத் திருவிழா. இரண்டு நேரமும் வன்னிப் பிள்ளைகள் வளாகத்தில் இருக்கமாட்டார்கள். ஏப்ரல் புத்தாண்டுக்குத் தமிழர், சிங்களவர் இருபகுதியும் ஊருக்குப் போய்விடும்.

மே நடுப்பகுதியும் நவம்பர் கடைசிப்பகுதியும் வன்னியில் நினைவுகூரும் நாட்கள். போரில் இறந்தவர்களை நினைவுகூரும் மே 18ஐ ஒட்டிய கிழமையில் பாட்டும் ஆட்டமும் வைத்தால், வீட்டில் படத்துக்கு விளக்கேற்றும் பிள்ளைகள் வரமாட்டார்கள். ஏன் வரவில்லை என்று வெளியே சொல்லவும் மாட்டார்கள். அதே காலத்தில்தான் வெசாக்கும் வரும். 2019இல் வெசாக் போயா மே 18ஆம் திகதியே வந்தது. ஒருவருக்கு வெளிச்சக்கூடு கட்டும் நாள், பக்கத்து அறைக்காரருக்குத் துக்க நாள். இதைக் குழுவில் வாய்விட்டுப் பேசுங்கள். மே மாதத்தையே விட்டுவிடுவதுதான் நல்லது.

மழையையும் பாருங்கள். ஒக்டோபர் நடுப்பகுதியிலிருந்து ஜனவரி வரை வாடைக்காலம், வெளியே அடுப்பு மூட்ட முடியாது. பெப்ரவரி, மார்ச் நல்ல மாதங்கள், நோன்பும் பரீட்சையும் குறுக்கே வராவிட்டால். ஜூன் முதல் செப்டெம்பர் வரை காய்ந்த காற்றும் புழுதியும். பந்தல் கயிறுகளை இரட்டிப்பாக இழுத்துக் கட்டவேண்டும்.

அனுமதி

ஆறு கிழமைக்கு முன்னரே கடிதம் போகவேண்டும். மாணவர் ஒன்றியம் அல்லது சங்கத்தின் பெயரில் எழுதி, சிரேஷ்ட பொருளாளரின் கையொப்பத்துடன், மாணவ ஆலோசகர், பீடாதிபதி வழியாக மேலே அனுப்புங்கள். வழியில் ஒருவரைத் தாண்டிப் போனால் கடிதம் திரும்பி அந்த மேசைக்கே வரும், பத்து நாள் போய்விடும். கடிதத்தில் நேரம், மண்டபம், ஆட்கணக்கு, வெளியாட்களின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும், அடுப்பு மூட்டும் இடம், ஒலிபெருக்கி எல்லாம் இருக்கட்டும். வெளியாட்களின் பட்டியலில் ஒரு பிரதி வாயில் காவலரிடம் இருக்கவேண்டும். கூத்துப் பழக்கும் அண்ணாவியாரை வாயிலில் ஒரு மணித்தியாலம் நிறுத்தி வைத்தால் அந்த மனக்கசப்பை மேடையில் போடும் பொன்னாடை ஆற்றாது. வெளியே கேட்கும்படி ஒலிபெருக்கி போடுவதென்றால் பொலிஸ் அனுமதி தனியாக எடுக்கவேண்டும்.

அரசியல்வாதிகளிடம் அனுசரணை கேட்கவேண்டாம், பிரதம விருந்தினராக அழைக்கவும் வேண்டாம். சீருடையில் வரும் விருந்தினரும் வேண்டாம். முன்வரிசையைப் பார்த்துவிட்டே உள்ளே வராமல் திரும்பும் பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். விருந்தினரே இல்லாவிட்டாலும் குறையில்லை. கன்ரீனில் சமைப்பவரையும், வளாகத்தைக் கூட்டிப் பெருக்குபவரையும், பக்கத்துக் கிராமத்துப் பெரியவர் ஒருவரையும் முன்வரிசையில் இருத்துங்கள்.

எழுத்து

பதாகையில் மூன்று மொழியும் ஒரே அளவில் இருக்கவேண்டும். ஒன்று பெரிதாகவும் மற்றது அடியில் பொடியாகவும் இருந்தால் முதலில் அதைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். சிங்கள வரியைச் சிங்களம் தாய்மொழியான ஒருவரும், தமிழ் வரியைத் தமிழ் தாய்மொழியான ஒருவரும் வாசித்துப் பார்க்காமல் அச்சுக்குக் கொடுக்காதீர்கள். இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே ஒட்டி, பிழையான சொல்லோடு பதாகை தூக்குவது அந்த மொழிக்காரருக்கு அவமரியாதை.

அச்சகத்தில் இன்னொரு சிக்கல். யுனிகோட்டில் அடித்ததைப் பழைய மென்பொருளில் ஒட்டினால் கொம்பும் காலும் இடம் மாறும், "கொ" உடைந்து நிற்கும். பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும். எழுத்துருவையும் உள்ளடக்கிய பீடிஎஃப் ஆகக் கொடுங்கள். அடிப்பதற்கு முன் திரையில் ஒருமுறை எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.

பெயர் அட்டைகளை அச்சடிக்கவே வேண்டாம். வெற்று அட்டையும் பேனையும் வாசலில் வையுங்கள். ஒவ்வொருவரும் தன் பெயரை வாயால் சொல்ல, மற்ற மொழிக்காரர் தன் எழுத்தில் எழுதிக் கொடுக்கவேண்டும். "கயான்" என்று தமிழில் எழுதினால் முதலெழுத்து அழுத்தமா மென்மையா என்று தெரியாது, காது கொடுத்துக் கேட்டால்தான் தெரியும். "கயல்விழி"யின் ழகரத்துக்குச் சிங்களத்தில் நேர் எழுத்தில்லை. எழுதுபவர் இரண்டு மூன்று தரம் கேட்பார், சிரிப்பார், திரும்பச் சொல்லிப் பார்ப்பார். ஒரு அட்டைக்கு மூன்று நிமிடம் ஆகும். 150 பேருக்கு ஆறு மேசை வேண்டும். இந்தச் சின்ன வேலை ஒரு மணித்தியாலப் பேச்சு செய்யாததைச் செய்துவிடும்.

தொடக்கம்

குத்துவிளக்குத்தான் முதல் இடறல். சிங்கள வீடுகளில் விளக்கின் உச்சியில் சேவல் இருக்கும், தேவாலயத்து விளக்கில் சிலுவை, தமிழ் விளக்கில் அன்னமோ வெறும் குமிழோ. வாடகைக்கு எடுப்பவர் பார்க்காமல் எடுத்து வருவார். குமிழ் விளக்கு என்று சொல்லி எடுங்கள். முஸ்லிம் மாணவர் சிலர் விளக்கேற்ற விரும்பமாட்டார்கள். மேடையில் திடீரெனப் பெயர் சொல்லி அழைத்து, அவர் மறுப்பதா ஏற்பதா என்று எல்லார் முன்னாலும் தவிக்க வைக்காதீர்கள். முதல்நாளே தனியாகக் கேளுங்கள். விளக்கை விட்டுவிட்டு எல்லோரும் ஒரு மரக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றித் தொடங்கினாலும் சரிதான்.

சந்தனம், குங்குமம், பன்னீர்ச் செம்புத் தட்டம் மேசையில் இருக்கட்டும். யாரும் அடுத்தவர் நெற்றிக்குக் கை கொண்டுபோக வேண்டாம். விரும்பியவர் தானே எடுப்பார். வெற்றிலை கொடுத்து வரவேற்பது சிங்களவருக்கும் தமிழருக்கும் பொதுவான வழக்கம். அதையே வாசலில் வைக்கலாம்.

நிகழ்ச்சி நிரலில் "அகவணக்கம்" என்று போடுவதா என்று யோசியுங்கள். அந்தச் சொல் வடக்கில் போரில் இறந்தவர்களுக்கான அஞ்சலி என்ற பொருளையும் மற்றவர் காதில் வேறொரு பொருளையும் தரும். "ஒரு நிமிட மௌனம்" என்று மட்டும் போட்டால், அவரவர் தங்கள் வீட்டவரை நினைத்துக்கொள்வார்கள். தேசிய கீதம் எந்த மொழியில், பாடுவதா ஒலிக்கவிடுவதா என்பதை நிருவாகத்துடன் முன்கூட்டியே பேசி முடியுங்கள்.

ஊர்வலம் வைப்பதென்றால் எந்தக் கலை முன்னே போகும், எது பின்னே என்பதை எழுத்தில் வைத்து எல்லாருடைய ஒப்பமும் வாங்குங்கள். 2016 ஜூலையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் புதுமுக மாணவர் வரவேற்பில் கண்டிய நடனத்தைச் சேர்ப்பது பற்றிய முரண்பாடு கைகலப்பில் முடிந்தது. கடைசி நேரத்தில் ஒன்றைச் சேர்ப்பதும் நீக்குவதும் அவ்வளவு ஆபத்தானது. நிரல் இரண்டு கிழமைக்கு முன் பூட்டப்பட வேண்டும்.

சமையல்

நிகழ்வின் நெஞ்சு இதுதான். நான்கு அடுப்பு: சர்க்கரைப் பொங்கல், பாற்சோறு, நோன்புக் கஞ்சி, ரொட்டியும் சம்பலும். நான்கிலும் தேங்காய் உண்டு. ஆகவே நான்கு அடுப்புக்கும் நடுவே தேங்காய்க்கு ஒரே இடம் போடுங்கள். எல்லாச் சமூகத்தவரும் அங்கேதான் கூடுவார்கள்.

இறைச்சி வேண்டாம். போட்டால் ஹலால் கடை, தனி அகப்பை, தனிப் பாத்திரம், சைவக்காரருக்குத் தனிப் பந்தி என்று வேலை நான்கு மடங்காகும். முட்டையும் கருவாடும்கூட வேண்டாம், சம்பலுக்கு மாசிக் கருவாடு போடாதீர்கள். பாத்திரம் இரவல் வாங்கும்போது வாய்திறந்து கேளுங்கள். கோயில் கிடாரத்தில் சைவம் தவிர வேறெதுவும் சமைக்கக்கூடாது. விடுதிப் பாத்திரத்தில் பன்றி இறைச்சி சமைத்திருந்தால் முஸ்லிம் பிள்ளைகள் அதில் சாப்பிடமாட்டார்கள்.

ஆளுக்குச் சிறு அளவு என்று 150 பேருக்குக் கணக்கு: பொங்கலுக்குச் சிவப்புப் பச்சையரிசி 5 கிலோ, வறுத்த பாசிப்பயறு 1¼ கிலோ, சர்க்கரை 4 கிலோ. பாற்சோற்றுக்குப் பச்சையரிசி 4 கிலோ. கஞ்சிக்கு 4 கிலோ, அதோடு உள்ளி, இஞ்சி, றம்பை. ரொட்டிக்குக் கோதுமை மா 7 கிலோ. தேங்காய் எல்லாவற்றுக்கும் சேர்த்து 45. நாலு துருவலை இருந்தால் முக்கால் மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். ஒன்றிரண்டு துருவலையோடு தொடங்கினால் பாதி நாள் தேங்காயிலேயே போய்விடும். பாலை ஒரேயடியாகப் பிழிந்து வைக்காதீர்கள், வன்னி வெயிலில் பத்து மணிக்குப் பிழிந்தது ஒரு மணிக்குப் புளித்துவிடும்.

பொங்கலில் வழக்கமான பிழை, அரிசி அவியுமுன் சர்க்கரை போடுவது. போட்டால் அரிசி அப்படியே விறைத்து நிற்கும், எவ்வளவு எரித்தாலும் குழையாது. இரண்டாம், மூன்றாம் பாலும் தண்ணீரும் பொங்கிய பின் அரிசியும் பயறும் போட்டு, விரலால் நசுக்கினால் நசியும்வரை அவித்து, பிறகுதான் சர்க்கரை. முதற்பால் கடைசியில். பாற்சோறும் கிட்டத்தட்ட அதே வழிதான். தண்ணீரில் நன்றாக அவிந்த சோற்றில் உப்புக் கலந்த தடித்த பாலை ஊற்றி, மெல்லிய நெருப்பில் வற்றவிட்டு, வாழையிலையில் பரப்பி அழுத்தி, சாய்சதுரமாக வெட்டுவார்கள். நெருப்புக் கூடினால் பால் திரைந்து எண்ணெய் பிரியும். சுடச்சுட வெட்டினால் கத்தியோடு வரும், பத்து நிமிடம் ஆறட்டும். பொங்கல் கிடாரத்தையும் பாற்சோற்றுக் கிடாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பாற்சோறு கிண்டும் பிள்ளையைப் பொங்கலுக்கும், பொங்கல் கிண்டும் பிள்ளையைப் பாற்சோற்றுக்கும் அரை மணித்தியாலம் மாற்றிவிடுங்கள். அகப்பை கை மாறும்போது பேச்சும் தானாகவே வரும்.

கஞ்சிக்கு வன்னியில் இன்னொரு நினைவு உண்டு. 2009இல் முள்ளிவாய்க்காலில் சனம் உயிர் பிடித்திருந்தது கஞ்சியில்தான், மே மாதத்தில் இன்றும் அதைக் காய்ச்சிப் பகிர்கிறார்கள். நோன்புக் கஞ்சியின் கதையைச் சொல்லும்போது யாராவது இந்தக் கஞ்சியைப் பற்றிப் பேசினால் பேசவிடுங்கள், அமைதியாகக் கேளுங்கள். கஞ்சி குடிக்கும் போட்டி போன்ற விளையாட்டு எதுவும் வேண்டாம்.

அடுப்புக்குப் பக்கத்தில் இரண்டு பீப்பாத் தண்ணீர், சுற்றிக் காய்ந்த புல் செதுக்கிய நிலம். குடிக்கச் சுத்திகரித்த தண்ணீர் 20 லீற்றர்க் கலன் எட்டு. இங்கத்தைய கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் கல்சியம் கூடியது, வெளியூர்ப் பிள்ளைகளுக்குப் பழக்கமில்லை.

மேடை

ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம். பேச்சு ஆளுக்கு நாலு நிமிடம். மொழிபெயர்த்தால் அதுவே எட்டாகும் என்று கணக்கில் எடுங்கள். சிங்களவர் ஆட்டம், முஸ்லிம்கள் ஆட்டம், தமிழர் ஆட்டம் என்று அடுக்காமல், ஒரு பொருளை எடுத்துப் பிரியுங்கள். கண்ணகி அருமையான பொருள். வன்னியில் வற்றாப்பளை அம்மன், கடல்நீரில் விளக்கெரிக்கும் வழக்கம், கோவலன் கூத்து. தெற்கில் சிங்களவருக்கு அவளே பத்தினித் தெய்வம். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் தங்கள் பாட்டி சொன்ன கதையைக் கொண்டுவந்தால் எங்கே ஒத்துப்போகிறது, எங்கே பிரிகிறது என்று அவர்களே கண்டுகொள்வார்கள். "எல்லாம் ஒன்றுதான்" என்று முடிக்க வேண்டியதில்லை, பிரியும் இடமும் அழகுதான். வேறு பொருள்: மழை, அறுவடை, தாலாட்டு, குளம்.

கூத்து விடிய விடிய ஆடுவது. அதை ஐந்து நிமிடமாக வெட்டாமல் ஒரே ஒரு காட்சியை இருபது நிமிடத்துக்கு முழுதாக ஆடவிடுங்கள். முடிந்தால் மேடையை விட்டு மண்ணில் வட்டக்களரி போட்டு, சனம் சுற்றியிருக்கட்டும். தப்பு அடிப்பவர்கள் தோலைச் சூடு காட்டவேண்டும், ஈரக்காற்றில் தோல் தளர்ந்து சத்தம் மந்தமாகும். மண்டபத்துக்கு வெளியே வைக்கோலும் நெருப்பும் வைக்க ஒரு இடமும், மேடைக்கு முன் பத்து நிமிடமும் அவர்களுக்குக் கொடுங்கள். தெரியாமல் "சீக்கிரம் வாங்கோ" என்று துரத்தினால் சத்தமே வராத தப்போடு மேடையில் நிற்பார்கள்.

பறையோ தப்போ, "உங்கட ஆட்கள்தானே அடிப்பினம்" என்று ஒருவரை அழைப்பது சாதியைக் கிளறுவது. விரும்பியவர் யாராயினும் பழகட்டும், ஒருவரும் அதற்கென்று குறிக்கப்பட வேண்டாம். நகைச்சுவை நாடகத்தில் மலையகப் பேச்சையோ, சிங்களவர் பேசும் தமிழையோ கேலி செய்யும் வசனம் இருந்தால் ஒத்திகையிலேயே வெட்டுங்கள்.

வட்டம்

சாப்பாட்டுக்குப் பின் நாற்பது நிமிடம், எட்டுப் பேர் கொண்ட வட்டங்கள். வட்டத்துக்கு இருமொழி தெரிந்த ஒருவர். "எந்த ஊர்?" என்ற கேள்வியோடு தொடங்காதீர்கள். வடக்கில் அது சாதி அறியும் கேள்வியாகவும் கேட்கும். இடம்பெயர்ந்த பிள்ளைக்கு எந்த ஊரைச் சொல்வது என்பதே தெரியாது. கேட்கக்கூடியவை: உங்கள் பெயரை யார் வைத்தது? வீட்டில் கோபம் வந்தால் எந்த மொழியில் ஏசுவார்கள்? மழை நாளில் என்ன சமைப்பார்கள்? இந்த வளாகத்தில் எந்த இடத்தில் இருந்தால் வீடு போல இருக்கும், எந்த இடத்துக்குப் போகத் தயக்கம்? கடைசிக் கேள்விக்கு வரும் பதில்களை எழுதி வையுங்கள். மாணவர் ஒன்றியம் பிறகு செய்யவேண்டிய வேலைப் பட்டியல் அதிலேயே இருக்கும்.

வரைபடத்தில் ஊர் குத்தச் சொன்னால், பிள்ளை சொல்லும் பெயரையே எழுதுங்கள். ஒரே இடத்துக்குத் தமிழில் ஒரு பெயரும் சிங்களத்தில் ஒரு பெயரும் இருக்கும். எது சரி என்று அங்கே நின்று வாதாட வேண்டாம், இரண்டையும் எழுதுங்கள்.

போர்க்கதை சொல்லச் சொல்லி யாரையும் கேட்காதீர்கள். தானாகச் சொன்னால் மைக்கை நீட்டாதீர்கள், படம் எடுக்காதீர்கள். காணாமல் ஆக்கப்பட்டவரின் பிள்ளை உங்கள் வட்டத்தில் இருக்கலாம். மாணவ ஆலோசகர் ஒருவர் அன்று வளாகத்தில் இருப்பதை உறுதிப்படுத்துங்கள். பொதுவாகவே, யாருடைய படத்தையும் முகநூலில் போடுமுன் கேளுங்கள். ஆடும் பெண்பிள்ளைகளின் படத்தை விருப்பமில்லாமல் பரப்பிவிட்டால் அடுத்த வருடம் அவர்கள் வீட்டிலிருந்து விடமாட்டார்கள்.

முடித்தல்

பின்னேரம் ஐந்தரைக்குள் மேடை முடியட்டும், பட்டணத்துக்குப் போகும் கடைசிப் பஸ்ஸின் நேரத்தை முதல்நாளே கேட்டு வையுங்கள். மிச்சச் சாப்பாட்டைக் காவலருக்கும் விடுதிக்கும் கொடுத்துவிடுங்கள், தேங்காய்ப்பால் சேர்ந்தது இரவுக்குத் தாங்காது. பொங்கல் கிடாரம் அடிப்பிடித்திருக்கும். அன்றிரவே சாம்பலும் சுடுதண்ணீரும் ஊற்றி ஊறவிடுங்கள், இரண்டு நாள் கழித்துத் தேய்த்தால் போகாது. தேய்க்கும் முறைப்பட்டியலிலும் எல்லாச் சமூகத்தவரின் பெயரும் இருக்கவேண்டும். இரவல் பாத்திரங்களைத் திருப்பிக் கொடுத்த பின், கணக்கையும், யாரிடம் எதை வாங்கியது என்ற பட்டியலையும், வட்டங்களில் எழுதிய தாள்களையும் ஒரே கோப்பில் போட்டு அடுத்த அணிக்காரரின் கையில் கொடுங்கள்.